சிகரெட்டை விடும் வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள்

சிகரெட்டை விட்ட மூன்றாம் நாள். மேசையில் ஓர் அறிக்கை விரிந்து கிடக்கிறது. முதல் பத்தியை நான்காவது தடவையாகப் படிக்கிறேன். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பக்கத்தில் அன்றைய நான்காவது காபி. விரல்கள் லேசாக நடுங்குகின்றன, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, ராத்திரி சரியாகத் தூங்காததால் கண் எரிகிறது. யாராவது பேச வந்தால் எரிந்து விழுகிறேன். 'இது இல்லாமல் எனக்கு மூளை ஓடாது' என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன். சாயங்காலம் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

சில மாதம் கழித்து மறுபடி முயன்றபோது நிக்கோடின் சூயிங்கம் வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எடுத்துக் கொடுத்த அம்மா எத்தனை சிகரெட் பிடிப்பீர்கள் என்று கேட்டார். அது எதிர்பார்த்த கேள்விதான். அடுத்து, "காபி எத்தனை குடிப்பீங்க?" என்றார். "அஞ்சு, ஆறு இருக்கும்" என்றேன். "அதை மூணாக்கிடுங்க. இன்னையிலிருந்தே. இல்லேன்னா காபி பண்ற வேலைக்கெல்லாம் சிகரெட்டை விட்டதுதான் காரணம்னு நினைச்சுப்பீங்க." அதுவரை எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிகரெட்டை விட ஆசை இருந்தும் 'வேலையில் கவனம் போய்விடுமே' என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிகரெட் தரும் தெளிவு எங்கிருந்து வருகிறது?

ஓர் இழுப்பு இழுத்ததும் புகையிலுள்ள நிக்கோடின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. எந்த மாத்திரையும் இவ்வளவு வேகமாகப் போகாது. பழக்கம் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதற்கு இந்த வேகம் ஒரு பெரிய காரணம். இழுத்த கையோடு பலன் தெரிந்துவிடுவதால், இரண்டையும் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது.

மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. விழிப்பு, கவனம், நினைவு மூன்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டைல்கோலின் அதன் சாவி. நிக்கோடின் கள்ளச்சாவி. அது பூட்டைத் திறந்ததும் டோபமைன் சுரக்கிறது. 'இதை மறுபடி செய்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது டோபமைனின் வேலை.

கள்ளச்சாவி ஒரு நாளைக்கு இருபது தடவை வந்துபோனால் மூளை சும்மா இருக்காது. பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. இத்தனை பூட்டுகளுக்கு நம் சொந்தச் சாவி போதாது. அதே சமயம் நிக்கோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம்தான் ஆகிறது. அதனால் கடைசி சிகரெட் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஓர் அரிப்பு தொடங்குகிறது: எரிச்சல், நிலைகொள்ளாமை, எதிலும் மனம் பதியாத தன்மை. அடுத்த சிகரெட் அதை அடக்குகிறது. அப்போது வருகிற நிம்மதியைத்தான் 'ஒரு தம் அடிச்சதும் தெளிஞ்சிடுச்சு' என்கிறோம்.

நம் தலையில் மூட்டையை ஏற்றியவனே மணிக்கொரு தரம் வந்து இறக்கிவைத்தால் அவனுக்கு நன்றி சொல்வோமா? சிகரெட்டுக்கு நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது அந்த நன்றிதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் நிக்கோடின் கொடுத்துச் சோதித்ததில், விழிப்பிலும் எதிர்வினை வேகத்திலும் சிறு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. ஆக, கவனம் கூடுவது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் தினமும் புகைப்பவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, இழந்த இயல்பு நிலை திரும்பி வருவதுதான். புகைக்காத சக ஊழியர் காலையில் எழுந்ததிலிருந்தே இருக்கும் நிலைக்குப் போய்ச்சேர நமக்கு ஒரு சிகரெட் தேவைப்படுகிறது.

சரி, விட்டால் என்ன ஆகும்? கவனக்குறைவு பலருக்கும் வரும். நிக்கோடின் கிடைக்காமல் போனதும் வரும் தொந்தரவுகளை விலகல் அறிகுறிகள் என்பார்கள். அவற்றின் பட்டியலில் எரிச்சல், பதற்றம், பசி, தூக்கக்கேடு ஆகியவற்றோடு கவனக்குறைவும் இடம்பெற்றிருக்கிறது. சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும். பெருகிப்போன பூட்டுகளும் நிரந்தரமில்லை. புகையை விட்டவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 6 முதல் 12 வாரத்துக்குள் ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தது. அறிக்கை மண்டையில் ஏறாத அந்த மூன்றாம் நாள், ஏற்றத்தின் உச்சியில் நான் நின்ற நாள். அதற்குப் பிறகு இறக்கம்தான் என்று தெரிந்திருந்தால் அன்று கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

காபி உள்ளே போய் என்ன செய்கிறது?

காபியில் இருக்கும் காஃபினுக்கும் நிக்கோடினுக்கும் வேலை வேறு வேறு. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பிகளில் போய் உட்கார உட்கார நமக்கு அசதி, பிறகு தூக்கம். காஃபின் அந்த இருக்கைகளில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசினுக்கு இடமில்லை, அசதி தெரிவதில்லை. இதில் புதிதாகச் சக்தி எதுவும் வரவில்லை. அசதியின் குரலைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கிறோம். காஃபின் இடத்தைக் காலி செய்ததும் வெளியே காத்திருந்த அடினோசின் மொத்தமும் உள்ளே வந்து உட்காரும். மதியத்துக்கு மேல் திடீரென்று துவண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காபிக் கொட்டையிலிருந்து காஃபினை முதலில் பிரித்தெடுத்தவர் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலர், 1819ஆம் ஆண்டு. கொட்டையைக் கொடுத்து ஆராய்ந்து பார்க்கச் சொன்னவர் கவிஞர் கதே. நிக்கோடினைப் புகையிலையிலிருந்து பிரித்தது அதற்குப் பிறகு, 1828இல். அதுவும் ஜெர்மனியில்தான் நடந்தது. இரண்டு பொருள்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்ணுக்குத் தெரிய வந்தன. ஒரே ஆளின் உடம்பில் சேர்ந்து இருக்கும்போது என்ன நடக்கிறது என்பது புரியத்தான் ரொம்பக் காலம் ஆனது.

காஃபினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அந்த வேலையைச் செய்யும் நொதியின் பெயர் சி.ஒய்.பி.1ஏ2. பெயரை மறந்துவிடலாம், குணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சிகரெட் புகையின் தாரில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் இந்த நொதியை அதிகமாக உற்பத்தி செய்யவைக்கின்றன. அதனால் புகைப்பவரின் கல்லீரல் காஃபினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கழித்துத் தள்ளுகிறது. புகைக்காதவருக்குக் காஃபின் பாதியாகக் குறைய சராசரியாக 5, 6 மணி நேரம் ஆகும் என்றால், புகைப்பவருக்கு 3 மணி நேரம் போதும். சிகரெட் பிடிக்கிறவர்கள் பலர் கப் கப்பாகக் காபி குடித்தும் அலுங்காமல் இருப்பதன் ரகசியம் இது.

சிகரெட்டை நிறுத்தினால் புகை நின்றுபோகிறது. புகை நின்றதும் அந்த நொதியும் மளமளவென்று குறைகிறது. சில நாளிலேயே கல்லீரல் சாதாரண வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. காபியின் அளவு மட்டும் மாறாமல் பழையபடியே இருக்கிறது. விளைவு, அதே காபியைக் குடித்தும் ரத்தத்தில் காஃபின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலை 4 மணிக்கு 100 மில்லிகிராம் காஃபின் உள்ள ஒரு காபி. பாதியாகக் குறைய 3 மணி நேரம் என்றால், 7 மணிக்கு 50, இரவு 10 மணிக்கு 25. அதே காபி, பாதியாகக் குறைய 6 மணி நேரம் என்றால், இரவு 10 மணிக்கு இன்னும் 50 உள்ளே இருக்கிறது. இது ஒரே ஒரு காபியின் கணக்கு. நாளெல்லாம் ஐந்தாறு குடிப்பவருக்கு ஒவ்வொன்றின் மிச்சமும் அடுத்ததன் மேல் ஏறி உட்காரும்.

இப்போது அறிகுறிகளைப் பாருங்கள். காஃபின் கூடிப்போனால் வருவது என்ன? படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை. நிக்கோடின் விலகலில் வருவது என்ன? எரிச்சல், பதற்றம், தூக்கக்கேடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. எது எதனால் என்று பிரித்தறிய வழியே இல்லை. ராத்திரி தூக்கம் போகிறது. தூங்காததால் மறுநாள் கவனம் நிற்கவில்லை. கவனத்துக்காக இன்னொரு காபி. அதனால் அடுத்த ராத்திரியும் போகிறது. மூன்று, நான்கு நாள் இப்படி ஓடினால் யாராக இருந்தாலும் 'சிகரெட்டை விட்டதால் நான் நொறுங்கிப்போனேன்' என்றுதான் முடிவுக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

இன்னொன்று, பலரும் கவனிக்கத் தவறுவது: நொதியைத் தூண்டுவது புகை, நிக்கோடின் இல்லை. அதனால் நிக்கோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டோ, சூயிங்கம் மென்றுகொண்டோ சிகரெட்டை விடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்களும் காபியைக் குறைத்தாக வேண்டும்.

காபியோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. சில மருந்துகளையும் இதே நொதிதான் கழிக்கிறது: ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின், மனநலச் சிகிச்சையில் தரப்படும் க்ளோஸபின், ஓலன்ஸபின் போன்றவை. புகைப்பவராக இருந்தபோது நிர்ணயித்த அளவு, புகையை விட்டபின் கூடுதலாகிவிடலாம். இவற்றில் எதையாவது சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விடும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம்.

முழுதாக நிறுத்தாமல் ஏன் பாதி?

'அப்படியானால் காபியையும் ஒரேயடியாக விட்டுவிடுகிறேன்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். காஃபினுக்கும் விலகல் உண்டு. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, அசதி, மந்தம், கவனக்குறைவு தொடங்கும். ஓரிரு நாளில் உச்சம். சிலருக்கு ஒன்பது நாள்வரைகூட இழுக்கும். நிக்கோடின் விலகல் உச்சத்தில் இருக்கிற அதே நாள்களில் இதையும் தலையில் ஏற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. பாதியாக்கினால் போதும். உங்கள் ரத்தத்தைப் பொறுத்தவரை அது பழைய அளவேதான். குறைத்ததாகவே உடம்புக்குத் தெரியாது.

எப்படிப் பாதியாக்குவது என்பது அவரவர் வசதி. நான் செய்தது, கப்பை மாற்றியது. பெரிய மக்கை அலமாரியில் வைத்துவிட்டுச் சின்ன கப்பை எடுத்தேன். எழுந்து போய் ஊற்றிக்கொள்ளும் சடங்கு அப்படியே இருந்தது, உள்ளே போகிற அளவு மட்டும் குறைந்தது. சிலர் காஃபின் நீக்கிய தூளைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறார்கள். சிலர் தேநீருக்கு மாறுகிறார்கள். ஒரு கப் தேநீரில் பெரும்பாலும் ஒரு கப் காபியில் இருப்பதில் பாதி காஃபின்தான் இருக்கும், 40, 50 மில்லிகிராம் அளவில். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்வரை பரவாயில்லை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு; கர்ப்பிணிகளுக்கு 200. படுக்கப்போவதற்கு 6 மணி நேரத்துக்கு முன் குடித்த காஃபின்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் கொடுத்தது 400 மில்லிகிராம், பெரிய அளவுதான். ஆனாலும் மதியச் சாப்பாட்டோடு காபியை முடித்துக்கொள்வது இந்த வாரங்களில் நல்லது.

எனர்ஜி டிரிங்க் வகைகளை இந்த மாதம் தொடவே வேண்டாம். ஒரு சின்ன கேனில் 80 மில்லிகிராம் காஃபின், பெரிய கேனில் அதைப்போல் இரண்டு மடங்கும் இருக்கும். குளிர்ச்சியாக இருப்பதால் மடமடவென்று உள்ளே போய்விடும்.

காபிக்கும் சிகரெட்டுக்கும் இன்னொரு பிணைப்பும் உண்டு. ஒரு கையில் கப், இன்னொரு கையில் சிகரெட் என்று ஆண்டுக்கணக்கில் பழகிய கைக்கு, கப்பைத் தூக்கியதும் மற்ற கை காலியாக இருப்பது உறைக்கும். முதல் சில வாரம் குடிக்கிற இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். நான் வழக்கமாக நின்ற வராந்தாப் பக்கம் போகாமல், எழுந்த உடனே குடிப்பதை விட்டுக் குளித்த பிறகு குடித்தேன். அற்ப விஷயம் போலத் தெரியும். எனக்குக் காலை வேளைகளைக் கடத்திக்கொடுத்தது அதுதான்.

சூயிங்கம்மை மெல்லும் விதம்

நிக்கோடின் சூயிங்கம் நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்தது என்றே சொல்லலாம். உள்ளே புகைக்க முடியாத ஸ்வீடன் மாலுமிகள் மெல்லும் புகையிலையை வைத்துச் சமாளிப்பதைக் கவனித்த ஆய்வாளர்கள், 1960களின் இறுதியில் ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலருக்கு அதை எழுதித் தெரிவித்தார்கள். புகையில்லாமல் நிக்கோடினை மட்டும் கொடுக்கும் சூயிங்கம் அவர் கையில் உருவானது. நிக்கோடின் அடிமையாக்குகிறது, புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் முக்கியமாகக் கொண்டுவருவதோ புகை. இந்தப் பாகுபாடுதான் இன்றைய மாற்றுச் சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை. பேட்ச், சூயிங்கம் போன்றவை, விட்டுவிடுவதற்கான வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. வாரெனிக்லின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவை டாக்டர் எழுதிக்கொடுத்துச் சாப்பிட வேண்டியவை.

சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று வரும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவர்களுக்கு 4. சாதாரணச் சூயிங்கம்போல விடாமல் மென்றால் நிக்கோடின் வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். காரமாக, மரமரவென்று உணர்கிறவரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தக் காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம்.

இங்கேயும் காபி குறுக்கே வருகிறது. காபி புளிப்புத் தன்மையுள்ளது. அது பட்ட வாயில் நிக்கோடின் சரியாக உறிஞ்சப்படாது. மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, மென்று முடிக்கும்வரை காபி, பழச்சாறு, சோடா பானங்கள் வேண்டாம். முதல் முயற்சியிலும் என்னிடம் சூயிங்கம் இருந்தது. காபி குடித்துக்கொண்டே மென்றேன், வேலை செய்யவில்லை என்று குப்பையில் போட்டேன்.

அந்த முதல் சில வாரம் வேலையை எப்படிப் பார்ப்பது?

சிகரெட்டுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி, இடைவேளைக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம். மணிக்கொரு தரம் திரையை விட்டு எழுகிறோம், வெளிக்காற்றில் ஐந்து நிமிடம் நிற்கிறோம், நீளமாக மூச்சை இழுத்து விடுகிறோம். இது யாருடைய மூளைக்கும் தெம்பு தரும். சிகரெட்டை விட்டவர்கள் இடைவேளையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அதே நேரத்துக்கு எழுந்து விறுவிறுவென்று ஒரு நடை போங்கள். ஐந்து, பத்து நிமிட வேக நடை சிகரெட் ஆசையைக் குறைக்கிறது என்பது ஆய்விலும் தெரிந்த உண்மை. ஆசை அலைபோல் எழும்பி, பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாகவே தணியும். நடந்து திரும்புவதற்குள் போயிருக்கும்.

முதல் வாரத்தில் கடினமான வேலையைத் துண்டு போடுங்கள். இருபது நிமிடம் ஒரு வேலை, பிறகு எழுந்துவிடுங்கள். முக்கியமான தேர்வோ பெரிய பொறுப்போ வரும் வாரத்தில் விடத் தொடங்காமல், அது முடிந்த மறுநாள் தொடங்குங்கள். ஆனால் தேதியைக் குறித்துவிடுங்கள்.

கவனத்துக்காகவே, ஈறோரம் ஒதுக்கி வைக்கும் நிக்கோடின் பைகளையும் வேப் எனப்படும் மின் சிகரெட்டையும் புதிதாகப் பிடித்துக்கொள்ளும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிறு முன்னேற்றம் உண்டு என்று மேலே நானே சொன்னேன். அதற்கு விலை, பூட்டுகள் பெருகுவது. சில மாதத்தில் அவர்களும் மூட்டையை இறக்கிவைக்க அல்லாடுகிறவர்களாகிவிடுவார்கள். கவனக்குறைபாடு (ஏ.டி.எச்.டி.) என்ற கோளாறுக்காக வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான், கூடாது. ஆனால் ஒரு மாதம் தாண்டியும் எதிலும் மனம் நிற்கவில்லை, சிறு வயதிலிருந்தே அப்படித்தான் என்று தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். கவனக்குறைபாடு உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். தெரியாமலேயே சிகரெட்டைத் தங்களுக்கு மருந்தாக்கிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு முறையான சிகிச்சை இருக்கிறது.

மனநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து புகைத்தவர்களைவிட, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. 'டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன்' என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் மறக்காமல் சொல்வேன்.

எனக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் நாள் வந்தது. எரிச்சல் இருந்தது. ஒரு பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. கை நடுங்கவில்லை, ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கியிருந்தேன். நான்காம் வாரம் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது மணி ஒன்றரை. காலையிலிருந்து எழவே இல்லை, எழத் தோன்றவும் இல்லை.

எல்லாம் அடங்கியபின் காபியைப் பழைய அளவுக்குக் கூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். தேவைப்படாது. உங்கள் கல்லீரல் இப்போது புகைக்காதவருடைய கல்லீரல். எனக்கு இப்போது காலையில் ஒரு சின்ன கப், பதினொரு மணிக்கு ஒரு சின்ன கப். முன்பு ஐந்தாறு குடித்தும் கிடைக்காத விழிப்பு அந்த இரண்டில் கிடைக்கிறது.